பரண்ல கிடந்த அம்முச்சி சேலை குவில்ட்டை முடிச்ச கதை

குவில்ட் தைக்கறவங்க வீட்ல எல்லாம் பரண்லயோ கட்டிலுக்கடியிலயோ பாதில நின்ன தையல் பை ஒன்னாவது இருக்கும். எங்க வீட்லயும் இருந்துச்சு. 2015-ல பெங்களூர்ல இருந்தப்ப ஆரம்பிச்சது, எங்க அம்முச்சியோட, அதாவது அம்மாவோட அம்மாவோட, பழைய காட்டன் சேலைங்கள வெட்டி டபுள் காட் சைஸ்ல ஒரு போர்வை தைக்கறதுக்காக. அப்புறம் வேலை மாறுச்சு, வீடு மாறுச்சு, கோயம்புத்தூர் வந்தாச்சு, பையும் லாரில கூடவே வந்து நேரா பரண்ல ஏறிடுச்சு. இப்பத்தான் முடிச்சேன். முடிச்சதுல எனக்கு நல்லாப் புரிஞ்ச விஷயம் ஒன்னு இருக்குங்க, அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். இந்த மாதிரி வேலை எப்பவும் ஏதோ ஒரு குறிப்பிட்ட இடத்துலதான் நிக்கும், அந்த இடத்துல அடுத்து செய்ய வேண்டியதுக்கு ஒரு சாமானோ இடமோ முடிவோ நம்மகிட்ட இருக்காது. அது என்னன்னு கண்டுபிடிக்காம "இந்த தீபாவளிக்குள்ள முடிச்சுடறேன்"னு சபதம் எடுத்தா பை மறுபடி பரணுக்குத்தான் போகும்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. குவில்ட்னா மூணு அடுக்கு. மேல துண்டுத்துணிங்கள ஒட்டித் தைச்ச பாகம், நடுவுல பஞ்சு மாதிரி ஏதாவது, கீழ ஒரே துணி. மூணையும் சேர்த்து ஊடால நூலோட்டம் போட்டு, சுத்தி ஓரம் கட்டணும். நான் எடுத்துக்கிட்டது லாக் கேபின்னு சொல்ற டிசைன், நடுவுல ஒரு சதுரம், அதைச் சுத்திச் சுத்தி பட்டைபட்டையா துணி வெச்சுத் தைச்சுட்டே போறது. என்னோடதுல நடு சதுரம் வெட்டும்போது 3.5 இஞ்ச், பட்டை 2 இஞ்ச், மூணு சுத்து, தையலுக்கு கால் இஞ்ச் போக ஒரு ப்ளாக், அதாவது இப்படித் தைச்ச ஒரு கட்டம், 12 இஞ்ச் வரும். சேலைத்துணிக்கு இதைவிட நல்ல டிசைன் எனக்குத் தெரிஞ்சு இல்லை, ஏன்னா பழைய சேலைல பெருசா ஒரு நல்ல துண்டு கிடைக்காட்டியும் 2 இஞ்ச் பட்டை கண்டிப்பா கிடைச்சுடும்.

சேலைல எந்தப் பக்கம் நல்லா இருக்கும்னு கேட்டா, உள்ள சொருகற பக்கம். அதுதான் வெயிலும் படாம உரசலும் இல்லாம இருக்கும். கொசுவம் வர்ற எடத்துல கீழ்க்கரை தரைல பட்டுப் பட்டு நைஞ்சிருக்கும், உக்கார்ற பாகம் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சாலே ஜன்னல் தெரியும். ரெண்டு கட்டைவிரலையும் சேர்த்து வெச்சு துணிய லேசா இழுத்துப் பாருங்க, சத்தமே இல்லாம பிரிஞ்சுதுன்னா அது எந்தப் பாசத்துக்கும் வேலைக்காகாது, தள்ளி வெச்சுடுங்க. ரொம்ப வேணும்னு நினைக்கற துணியா இருந்தா பின்னாடி மெல்லிசா ஒட்டுற கேன்வாஸ் வெச்சு அயர்ன் பண்ணி பலப்படுத்தலாம், ஆனா அப்படி நெறைய பண்ணினா போர்வை அட்டை மாதிரி வெறைச்சுடும்.

பையக் கீழ எடுத்ததும் உடனே மிஷின்கிட்ட போகல. எல்லாத்தையும் கட்டில்ல பரப்பி ஒரு சாயங்காலம் முழுக்க பார்த்துட்டுதான் இருந்தேன். பல வருஷம் கிடந்த துணில பார்க்க வேண்டியது சிலது இருக்குங்க. முதல்ல குண்டூசி. துணிலயே குத்தி விட்டிருந்த குண்டூசி துருப் புடிச்சு காப்பிக்கலர்ல புள்ளி விழுந்திருந்துச்சு. துருக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும் போட்டு வெயில்ல வைப்பாங்க, வெள்ளைத்துணிக்கு அது சரி, கலர் சேலைல போட்டா கறையோட கலரும் போயிடும். அதனால கறை பட்ட பட்டைய மட்டும் பிரிச்சு வேற பட்டை வெச்சுட்டேன். அடுத்தது மடிப்பு. வருஷக்கணக்கா ஒரே மடிப்புல இருந்தா அந்தக் கோட்டுலதான் துணி முதல்ல விடும், அங்கயும் கட்டைவிரல் டெஸ்ட். அப்புறம் நூல். பழைய நூல்கண்டு இருந்தா ஒரு அடி இழுத்து வெடுக்குனு சுண்டிப் பாருங்க, பட்டுனு அறுந்தா தூக்கிப் போடுங்க, போர்வை முழுக்க தைச்சப்புறம் தையல் விட்டா அதுக்கு வைத்தியமே கிடையாது. மார்க்கிங் பேனா கோடு ஏதாவது இருந்தா அயர்ன் பண்றதுக்கு முன்னாடி தண்ணில எடுத்துடணும், தண்ணில போற நீல இங்க்னு சொல்ற பேனாவெல்லாம் சூடு பட்டா துணியோடயே தங்கிடும். எனக்கு டெய்லர் சாக்பீஸ்தான் என்னைக்கும் நம்பிக்கை.

இன்னொன்னு, காட்டன் துணிய பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காதீங்க. ஈரம் உள்ளயே நின்னு மஞ்சமஞ்சளா திட்டு விழும். பழைய தலையணை உறையே போதும், உள்ள கொஞ்சம் காஞ்ச வேப்பிலையோ வசம்போ மெல்லிசா ஒரு துணில கட்டிப் போடுங்க.

அடுத்ததா எங்க நின்னுச்சுங்கற கேள்வி. எண்ணிப் பார்த்தா 44 ப்ளாக் முழுசா முடிஞ்சிருந்துச்சு. முதல்ல போட்ட கணக்கு 8-க்கு 9, அதாவது 72 ப்ளாக். 28 பாக்கி. இத்தனை வருஷமும் என் மனசுல ஓடிட்டிருந்தது "இன்னும் ப்ளாக் தைக்கணும்"ங்கறதுதான், ஆனா உண்மையா யோசிச்சா ப்ளாக் தைக்கறது எனக்கு ரொம்பப் புடிச்ச வேலை, அது என்னை நிறுத்தியிருக்கவே முடியாது. அதுக்கு அப்புறம் வர்ற வேலைதான் இடிச்சுது. மூணு அடுக்கையும் சுருக்கமில்லாம தரைல விரிச்சு ஒன்னாச் சேர்க்கணும், அதுக்கு பத்தடிக்குப் பத்தடி காலித்தரை வேணும், பெங்களூர்ல அந்த ஃப்ளாட்ல சோஃபா போட்ட மீதில ஒரு பாய் விரிக்கலாம், அவ்ளோதான். மொட்டை மாடில காத்து. அதனால அந்தக் கட்டத்துக்குப் போகவே கூடாதுங்கற மாதிரி வேலை அப்படியே மெதுவாகி நின்னுருக்கு.

இது தெரிஞ்சதும் ரெண்டு முடிவு எடுத்தேன். ஒன்னு, சைஸைக் குறைக்கறது. 6-க்கு 7 வெச்சா 42 ப்ளாக் போதும், ரெண்டு மிச்சம், இனி புதுசா ஒன்னுகூட தைக்க வேண்டாம். டபுள் காட்ல ரெண்டு பக்கமும் தொங்காது, ஆனா ரெண்டு பேர் தாராளமா போர்த்தலாம். பாதில நின்ன வேலைய வெச்சுட்டு இருக்கற யாருக்கும் நான் முதல்ல சொல்றது இதுதான், பழைய ப்ளானுக்கு நீங்க கட்டுப்பட்டவங்க இல்லைங்க, கைல என்ன முடிஞ்சிருக்கோ அதை எண்ணி அதுக்குள்ள என்ன வரும்னு பாருங்க, போர்வைக்கு வரலைன்னா தொட்டில் விரிப்பா, மேல போட்டுக்கற த்ரோவா முடிங்க. லாக் கேபின்ல இன்னொரு வசதி, ப்ளாக்கோட ஒரு பாதி வெளிர் கலர் ஒரு பாதி அடர் கலரா இருக்கறதால எப்படித் திருப்பி வெச்சாலும் ஒரு டிசைன் வரும், வைரம் மாதிரி அடுக்கலாம், ஏர் உழுத சால் மாதிரி கோணக்கோடா அடுக்கலாம். கடைசில எத்தனை இருக்கோ அதை வெச்சு முடிவு பண்ணிக்கலாம். நான் சால் மாதிரிதான் அடுக்கினேன், காட்டுக்காரி சேலைக்கு அதுதான் பொருத்தம்னு தோணுச்சு.

ரெண்டாவது முடிவு, தரை தேடறது. அதுக்கு அப்புறம் வர்றேன்.

ப்ளாக் எல்லாம் ஒரே அளவுல இல்லை. பாதி கால்மிதி மிஷின்ல தைச்சது, மீதி எலக்ட்ரிக் மிஷின்ல, ரெண்டு மிஷின்லயும் துணிய அழுத்திப் புடிக்கற ஃபூட்டோட அகலம் வேற, ஃபூட் ஓரத்தை வெச்சு கால் இஞ்ச் விட்டா ஒரு இழை ரெண்டு இழை வித்தியாசம் வரும், ஒரு ப்ளாக்ல குறுக்க ஆறு தையல் வரிசையா வர்றப்ப அது கூடிக்கூடி, ஓரத்துத் தையல் இடத்தோட சேர்த்து 12.5 வர வேண்டியது, 12.25 இஞ்ச்ல இருந்து 12.75 வரைக்கும் போயிருந்துச்சு. பழைய சேலைத்துணி இழுபடறதும் ஒரு காரணம். இதுக்கு வழி சோத்துக்கஞ்சி. வடிச்ச கஞ்சிய நல்லாத் தண்ணி கலந்து துணில வடிகட்டி, ஒவ்வொரு ப்ளாக்லயும் தெளிச்சு, அயர்ன் பாக்ஸைத் தேய்க்காம மேல வெச்சு வெச்சு எடுக்கணும், தேய்ச்சா கோணிக்கும். அது காய்ஞ்சதும் துணி பேப்பர் மாதிரி நிக்கும், அப்ப எல்லாத்தையும் 12.25-க்கு ஸ்கேல் வெச்சு ரோட்டரி கட்டர்ல ட்ரிம் பண்ணினேன். லாக் கேபின்ல ஓரப்பட்டை கொஞ்சம் ஒல்லியாகும், கண்ணுக்கே தெரியாது. புதுசா வெட்டறதா இருந்தாலும் சேலைக்குக் கஞ்சி போட்டுட்டு வெட்டுங்க, ரொம்ப வித்தியாசம் இருக்கும். ஆனா கஞ்சி போட்டதைத் திரும்பப் பரண்ல வெச்சுடாதீங்க, கரப்பான் தேடி வரும். கஞ்சி போட்டாச்சுன்னா முடிச்சே ஆகணும், என்னைக் கேட்டா அதுவும் நல்லதுக்குத்தான்.

சாயம் விஷயம் கொஞ்சம் விவரமா சொல்லணும். அம்முச்சிகிட்ட அரக்குக் கலர் சுங்குடி ரெண்டு இருந்துச்சு, சின்னாளபட்டில எடுத்தது, அத்தனை வருஷம் துவைச்சும் தண்ணி செவப்பாத்தான் வரும். அது பக்கத்துல வெளிர்மஞ்சள் பட்டை இருந்தா முதல் துவையல்லயே போச்சு. டெஸ்ட் ரொம்ப சுலபம், வெள்ளை வேட்டித்துண்டை நனைச்சு பிழிஞ்சு துணிமேல அழுத்தித் தேய்ங்க, கலர் ஒட்டுச்சுன்னா அது சாயம் விடற துணி. உப்புத்தண்ணில ஊறப்போட்டா சாயம் நின்னுடும்னு நம்ம ஊர்ல எல்லாரும் சொல்வாங்க. சாயப்பட்டறைல உப்பு போடறது சாயம் துணிக்குள்ள ஏறறதுக்கு, ஏற்கனவே சாயம் போட்ட துணில ஒட்டாம நிக்கற கலரை அது கட்டிப் போடாது. வெட்டாத துணியா இருந்தா சுடுதண்ணில பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு விட்டு, தண்ணி தெளியற வரைக்கும் மாத்தி மாத்தி அலசறதுதான் வழி. தைச்சு முடிச்ச ப்ளாக்கை அப்படி அலசினா ஓரம் பிசிறு பிசிறா வந்துடும். நான் ஒவ்வொரு ப்ளாக்லயும் வெள்ளைத்துணி வெச்சுத் தேய்ச்சுப் பார்த்து, விடற பட்டைங்கள பிரிச்சு எடுத்துட்டேன். நேரம் புடிச்ச வேலைதான், ஆனா இதை விட்டுட்டுப் போயிருந்தா மீதி எதுக்குமே அர்த்தமிருக்காது.

நடு அடுக்குக்கு யூடியூப்ல சொல்ற மாதிரி பேட்டிங்தான், அதாவது குவில்ட்டுக்குன்னே விக்கற பஞ்சு விரிப்புதான், வேணும்னு இல்லைங்க. வெளிநாட்டுல பனிக்குத் தைக்கற கனம் நமக்கெதுக்கு, கோயம்புத்தூர்ல மார்கழி விடியக்காலைலகூட 18 டிகிரிய ஒட்டித்தான் இருக்கும். இலவம்பஞ்சு போட்டா தையலுக்கு நடுவுல ஒதுங்கி ஒதுங்கி உருண்டையாகும், அது மெத்தைக்கும் தலையணைக்கும்தான். நான் அப்புச்சியோட, அதாவது அம்மாவோட அப்பாவோட, எட்டு முழ வேட்டி ரெண்டை வெச்சேன். துவைச்சுத் துவைச்சு பட்டு மாதிரி ஆகியிருந்துச்சு, சுருங்கறதெல்லாம் எப்பவோ சுருங்கியாச்சு. பக்கத்துல பக்கத்துல வெச்சா அகலம் சரியா வந்துடும், சேர்ற எடத்துல மிஷின்ல மூட்டாம ஒன்னுமேல ஒன்னு ரெண்டு விரக்கடை ஏத்தி கைல நூலோட்டம் போட்டா மேடு தெரியாது. அம்முச்சி சேலைக்குள்ள அப்புச்சி வேட்டி, அதைச் சொன்னப்ப எங்கம்மா கொஞ்ச நேரம் ஒன்னுமே பேசல.

கீழ்த்துணிக்கும் தனியா எதுவும் வாங்க வேண்டியதில்லை, இந்தக் கணக்கைப் பாருங்க. சேலை அஞ்சரை மீட்டர், அதாவது 216 இஞ்ச். நடுவுல வெட்டினா 108 இஞ்ச்ல ரெண்டு துண்டு. அகலம் 45 இஞ்ச், ரெண்டையும் மூட்டினா தையல் போக 89. ஆக ஒரே ஒரு சேலை 108-க்கு 89 வரும். மேல்பாகத்தைவிட கீழ்த்துணி நாலு பக்கமும் 4 இஞ்சாவது பெருசா இருக்கணும், தைக்கத் தைக்க உள்ள இழுக்கும். என்னோட மேல்பாகம் தைச்சு முடிச்சப்ப 70.5-க்கு 82, தாராளமாப் போதும். நான் வெச்சது நெகமம் காட்டன், அம்மாவோடது, நல்ல கெட்டித்துணி.

இப்ப தரை. எங்க பெரியம்மா வீடு பொள்ளாச்சிப் பக்கம், பழைய ஓட்டு வீடு, நடுவுல ஆசாரம்னு சொல்ற பெரிய கூடம், சிவப்பு சிமெண்ட் தரை கண்ணாடியாட்டம் இருக்கும். முதல்நாள் சாயங்காலமே கழுவி விட்டு காயவிட்டாச்சு. நெகமம் சேலைய உள்பக்கம் மேல வர்ற மாதிரி விரிச்சு, நாலு பக்கமும் நடுவுல இருந்து மூலைக்கு டேப் ஒட்டிட்டே போனோம். இறுக்கமா இருக்கணும் ஆனா இழுத்துப் புடிக்கக் கூடாது, இழுத்து ஒட்டினா டேப் எடுத்ததும் சுருங்கி மேல்துணி புடைச்சுக்கும். அதுமேல வேட்டி, அதுமேல ப்ளாக் எல்லாம் சேர்த்த மேல்பாகம், நடுவுல இருந்து வெளிப்பக்கமா உள்ளங்கைல தடவித் தடவி. நான் சேஃப்டி பின் டப்பாவ எடுத்து ஒரு கை அகலத்துக்கு ஒன்னா குத்த ஆரம்பிச்சேன். பெரியம்மா நின்னு பார்த்துட்டு, "ஏங்கண்ணு, இத்தனை பின்னையும் மறுபடி எடுக்கோணுமல்ல?" ன்னாங்க. "ஆமாங் பெரிம்மா, தைக்கத் தைக்க எடுத்துக்குவேன்." "அதுக்கு நூலே போட்டுட்டா என்ன?" ன்னு சொல்லிட்டு ஒரு நீள ஊசில வெள்ளை நூலைக் கோத்துட்டு எதிர்மூலைல உக்காந்துட்டாங்க. விரல் நீளத்துக்கு ஒரு தையல், முடிச்சு கிடையாது, நுனில ரெண்டு தடவை குத்தி விட்டுட்டுப் போயிட்டே இருக்காங்க. அவங்க முறைதான் சரியான முறை. எம்ப்ராய்டரி வளையம் மாட்டித் தைக்கறப்ப பின் எல்லாம் வளையத்துல இடிக்கும், நூல் இடிக்காது. தைச்சுட்டே ஒவ்வொரு பட்டையா தொட்டுத் தொட்டு, "இது உங்க மாமன் கல்யாணத்துக்கு எடுத்தது, இது நாத்து நடவுக்குக் கட்டிட்டுப் போறது" ன்னு சொல்லிட்டு வந்தாங்க, நான் பாதி எழுதி வெச்சிருக்கேன், மீதிய அடுத்த தடவை கேட்கணும்.

மிஷின்ல குவில்ட்டிங் போடலாம்னா வாக்கிங் ஃபூட் வேணும், இல்லாட்டி மேல்துணி ஒரு வேகத்துலயும் கீழ்த்துணி ஒரு வேகத்துலயும் போய் மடிப்பு விழும், ஊசியும் 14-ம் நம்பர் போடணும், ப்ளாக் தைக்கத்தான் 11. நான் கைத்தையல்தான் போட்டேன், எம்ப்ராய்டரி நூல்ல மூணு இழை. நடுவுல ஆரம்பிச்சு வெளிய போகணும், அப்பத்தான் சுருக்கம் ஓரத்துக்குத் தள்ளிட்டுப் போகும். கர்நாடகால எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் இருக்கற சித்தி மக்கள், ஆப்பிரிக்க வம்சாவளிக்காரங்க, அவங்க தைக்கற கவந்தி இதுக்கு நேர் எதிர், ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவாங்க, துண்டுத்துணிய கீழ்ச்சேலைமேல வெச்சு நேரடியா நூலோட்டம், மூலைக்கு மூலை துணிய மடிச்சு ஒரு பூ. வங்காளத்துல காந்தாங்கற பழந்துணிப் போர்வைக்கு நூலே பழைய சேலைக்கரைல இருந்து உருவி எடுத்திருக்காங்க. அமெரிக்கால அலபாமா மாநிலத்துல ஜீஸ் பெண்ட்ங்கற ஊர்ல மிஸ்ஸூரி பெட்வேங்கறவங்க இறந்துபோன வீட்டுக்காரரோட வேலைத்துணிங்கள வெச்சு 1942-ல தைச்ச குவில்ட் இன்னைக்கு மியூசியத்துல இருக்கு. கட்டின துணிய வெட்டறது பாவம்னு சொல்றவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், பீரோல மடிச்சு வெச்சா அது நைஞ்சுதான் போகும்.

ஓரத்துக்கு கிராஸ் பீஸ், அதாவது துணிய கோணவாக்குல வெட்டற பட்டை, வெட்ட வேண்டியதில்லை, அது வளைவுக்குத்தான். ஓரம் நேரா இருக்கறதால சேலைக்கரையே போதும். நாலு பக்கமும் கூட்டினா 305 இஞ்ச், மூலைக்கும் இணைப்புக்கும் ஒரு 12 இஞ்ச் சேர்த்துக்கங்க, ஒரு சேலையோட ரெண்டு கரையும் சேர்ந்தா 430-க்கு மேல வரும். கரை நெருக்கமா நெய்ததுங்கறதால சீக்கிரம் தேயாது. இரண்டரை இஞ்ச் அகலத்துல வெட்டி, பாதியா மடிச்சு அயர்ன் பண்ணி, முன்பக்கம் மிஷின், பின்பக்கம் ஹெம்மிங்.

திரும்ப எங்கயாவது வேலை நிக்கத்தான் செய்யும், அதனால இப்ப எந்தப் பையை மூடி வெச்சாலும் ஒரு சீட்டு எழுதி உள்ள போடறேன், தையல் விட்ட அளவு, எந்த மிஷின், எந்த ஊசி, எத்தனை முடிஞ்சுது, அடுத்தது என்ன, அதுக்கு என்ன வேணும்னு. பழைய பைல அப்படி எதுவும் இல்லாம பட்டை அகலத்தைக்கூட தைச்ச ப்ளாக்கை அளந்துதான் கண்டுபிடிச்சேன். அதே சமயம், எல்லாத்தையும் முடிச்சே ஆகணும்னு இல்லைங்க. துணி புடிக்காமப் போச்சு, யாருக்காகத் தைச்சமோ அவங்க வளர்ந்தாச்சு, அப்படின்னா தைக்கற வேற யாருக்காவது அளவெல்லாம் எழுதிக் கொடுத்துடுங்க, அவங்க முடிப்பாங்க.

துவைக்கறதுக்கு: முதல் தடவை தனியா, பெரிய டப்புல நிறையப் பச்சைத்தண்ணி, கூட ஒரு பழைய வெள்ளைத்துண்டு, சாயம் கொஞ்சம் விட்டாலும் அது இழுத்துக்கும். ஊறவே விடாம அலசி எடுத்துடுங்க, முறுக்கிப் பிழியாதீங்க, கொடில தொங்கவிட்டா ஈர எடைல தையல் இழுபடும், அதனால பாய் விரிச்சு நிழல்ல பரப்பிக் காயவைங்க. கஞ்சி முழுசாப் போக ரெண்டு அலசல் ஆகும், அதுக்கப்புறம்தான் துணி உடம்புல ஒட்டற மாதிரி மெத்துனு வருது. மிச்சமிருந்த ரெண்டு ப்ளாக் பெரியம்மாவுக்குத் தலையணை உறையாப் போயிடுச்சு.